அயற்பணியில் ஒரு ஃபார்வர்டு

கடலூரில் 'டிரான்ஸ்ஃபர்' என்ற சொல்லைப் பொது இடத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மஞ்சக்குப்பத்து டீக்கடையில் அதைக் கொஞ்சம் உரக்கச் சொன்னாலும் நாலு பேர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு? எங்க தூக்கிப் போட்டான்?" என்று திரும்புவார்கள். மாவட்டத் தலைநகரம் அல்லவா. கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, கருவூலம் என்று இருக்கிற பேட்டை; கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் இளநிலை உதவியாளர் ஒருவர் மேல்தான் விழும். 2020-இல், முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு ஊரே டீ குடித்த நாட்களில், நான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

"வால்ஸ்கிஸுக்கு டிரான்ஸ்ஃபர் சார். ஜாம்ஷெட்பூர்."

சூப்பிரண்டு சார் பேப்பரை மடித்தார். "சொந்த விருப்பத்துலயா, நிர்வாக நலன் கருதியா?"

விவரம் சொன்னேன். நெரியஸ் வால்ஸ்கிஸ் லிதுவேனியாக்காரர், சென்னையின் எஃப்.சி.யின் ஃபார்வர்டு, அந்த சீசனில் 15 கோல். 2019 டிசம்பரில், பள்ளத்தில் கிடந்த டீமுக்குக் கோச்சாக வந்த ஓவன் கோய்ல் அதை இறுதிப்போட்டி வரை இழுத்துக்கொண்டு போனார். 2020 மார்ச் 14, கோவா. கொரோனா பயத்தில் ஈ காக்கை இல்லாத மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றோம். கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குக் கிளம்பினார். பின்னாலேயே வால்ஸ்கிஸும்.

"போகாம? அதிகாரி ஊர் மாறினா டிரைவரையும் கேட்டு வாங்கிட்டுத்தான் போவாரு. எத்தனை பார்த்திருக்கேன்! இதுல உனக்கு என்ன வருத்தம் தம்பி?"

என் வருத்தத்துக்கு அந்தக் கடையில் மதிப்பில்லை. நான் மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவன், தனியார். என் கருத்தெல்லாம் அங்கே வெள்ளைத்தாளில் எழுதிய மனு மாதிரி, ஸ்டாம்பு ஒட்டாதது.

சூப்பிரண்டு சார் பணி ஓய்வு பெற்றதும் சென்னையின் எஃப்.சி. பிறந்ததும் ஒரே வருஷம், 2014. பென்ஷனும் டீமும் சேர்ந்தே வந்ததால் இரண்டும் மாதாமாதம் தனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை என்று நினைக்கிறார். முதல் கோச் மார்க்கோ மாட்டராஸி என்று பேப்பரில் வந்தபோது, "யாருப்பா இவரு, முன் அனுபவம் என்ன?" என்று கேட்டார். 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், பெர்லினில், ஜிதேன் தலையால் நெஞ்சில் முட்டித் தள்ளினாரே, அந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரர் என்றேன். ஜிதேனுக்குச் சிவப்பு அட்டை. அதுதான் அவருடைய கடைசி ஆட்டமும்.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரிட்டயர் ஆகுற அன்னைக்கு சஸ்பெண்டா? சாயங்காலம் மாலை போட ஆள் வந்து நிக்குது, அஞ்சு மணிக்கு ஆர்டரைக் கையில குடுக்கறான். பாவம்பா. பென்ஷன் செட்டில் ஆச்சா அவருக்கு?"

ஜிதேன் மேல் அன்று பிறந்த அனுதாபத்தால் மாட்டராஸியை அவர் கடைசி வரை நம்பவில்லை. 2015-இல் கோப்பை ஜெயித்த பிறகும்.

அந்த 2015-ஐப் பற்றி எங்கள் ஊரில் யாரும் ஃபுட்பால் கணக்கில் பேசுவதில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே கடலூர் மாவட்டம் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் டிசம்பரில் சென்னையும். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்குப் போனது. நம் வீட்டுக் கல்யாணத்தை அடுத்தவன் மண்டபத்தில் நடத்திய மாதிரி 3-0 என்று அங்கே ஜெயித்தோம். டிசம்பர் 20 இறுதியாட்டம். எங்கள் தெருவில் கரண்ட் வந்து போய்க்கொண்டிருந்தது. கோவா 2-1 என்று முன்னால் இருந்தபோது போனது. திரும்பி வந்தபோது நீலச் சட்டைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் கோவா கோலியே ஒன்றைத் தன் வலைக்குள் தள்ளி, மெண்டோசா இன்னொன்றை அடித்து, 3-2 என்று எல்லாம் முடிந்திருந்தது. நாங்கள் சாம்பியன் ஆனதை நான் பார்க்கவில்லை, அறிவிக்கப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விவாதம் சிதம்பரத்துக்கு இடம் மாறும். என் மனைவியின் அண்ணன் அங்கே இருக்கிறார். மேலவீதிப் பக்கம் வீடு, சம்பா சாதம், கத்திரிக்காய் கொத்சு, மாலை ஆட்டம் ஆரம்பிக்கும் வரை திண்ணைப் பேச்சு. சூப்பிரண்டு சாரும் கொத்சுவை உத்தேசித்துச் சில வாரம் பஸ் ஏறிவிடுவார். மச்சான் அண்ணாமலைப் பல்கலைக்கழக அலுவலக ஊழியர். 2013-இல் அரசு அதைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு, உபரி என்று கணக்கிடப்பட்டு அயற்பணியில் மாநிலம் முழுக்க அனுப்பப்பட்ட பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். வேலை ஒரு மூலையில், குடும்பம் சிதம்பரத்தில்.

ஐரோப்பாவில் ஒரு கிளப்பின் ஆட்டக்காரரை இன்னொரு கிளப் ஒரு சீசனுக்குக் கடன் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை நான் விளக்க முயன்ற நாள் நினைவிருக்கிறது. ஆள் அங்கே ஆடுவான், உரிமை இங்கே இருக்கும், சம்பளத்தை இரண்டு பேரும் பேசிப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்று நான் மூச்சு வாங்கிச் சொல்லி முடிக்க, மச்சான் கொத்சுவை வழித்துக்கொண்டே, "மாப்ள, இதை எனக்கே சொல்றியா? அயற்பணி. என்னை மாதிரி" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் கடன் ஆட்டக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. அயற்பணி ஆட்டக்காரர்தான்.

உண்மையைச் சொன்னால், பத்து வருஷமாக இங்கிலீஷ் வர்ணனை கேட்டும் எனக்குப் புரியாத பல விஷயங்கள் இந்தத் திண்ணையில்தான் தெளிந்தன. 2022 பிப்ரவரியில் கோச் பாண்டோவிச்சை அனுப்பிவிட்டு உதவிக் கோச் சபீர் பாஷாவிடம் டீமைக் கொடுத்தார்கள். ஏன் அவர் ஆட்ட முறையை அடியோடு மாற்றவில்லை என்று நான் குதித்தேன். "பொறுப்பு அலுவலர் தம்பி. ரொட்டீன் ஃபைல்ல கையெழுத்துப் போடலாம். கொள்கை முடிவு எடுத்தா வர்றவன் கேள்வி கேப்பான்" என்றார் சார். அதே வருஷ ஆரம்பத்தில் வால்ஸ்கிஸ் சென்னைக்கே திரும்பி வந்திருந்தார். "தாய்த்துறைக்கு வந்துட்டாரா, நல்லது. ஆனா சீனியாரிட்டி போயிருக்கும்." ஜாம்ஷெட்பூரில் கோய்ல் அந்த சீசனின் லீக் கேடயத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஸ்காட்லாந்து போய், 2023-இல் நம்மிடமே வந்து சேர்ந்தார். மச்சான் பெருமூச்சு விட்டார்: "அவருக்குத் திரும்பி வர ஆர்டர் கிடைச்சுது பாரு."

2018-ஐ விட்டுவிட முடியாது. மார்ச் 17, பெங்களூர், அவர்கள் மைதானம், அவர்கள் கூட்டம். ஒன்பதாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி தலையால் ஒன்று. அப்புறம் மைல்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில் டிஃபென்டர் இரண்டு கார்னரையும் தலையால் முட்டி இரண்டு கோல், ரஃபேல் அகுஸ்டோ ஒன்று, 3-2. ஜான் கிரிகரி கோச். இரண்டாவது கோப்பை. அன்றிரவு மச்சான் மேலவீதியில் வெடித்த சரத்துக்கு அக்கம்பக்கத்தார் என்ன விசேஷம் என்று கேட்டு வந்து, பதில் கேட்டு, ஏமாந்து திரும்பினார்கள்.

அடுத்த சீசன் அதே டீம், அதே கோச். 18 ஆட்டத்தில் 9 புள்ளி. பட்டியலில் கடைசி. தொலைக்காட்சியில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சார் ஒரே வரியில் முடித்தார்: "ப்ரொமோஷன் வாங்கினவன் வேலை செஞ்சு நான் பார்த்ததில்லை."

திண்ணைக்கு நான்காவது ஆள் ஒருவர் உண்டு, ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், எதிர்வீடு. ஃபுட்பாலில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதுகூட அவருக்குத் திடமாகத் தெரியாது. ஆனால் கோச்சுகள் ஏன் தங்குவதில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணத்தை யாராலும் இன்றுவரை உடைக்க முடியவில்லை. மாட்டராஸி, கிரிகரி, கோய்ல், லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச், மறுபடி கோய்ல் என்று நாங்கள் விரல் மடக்கிக்கொண்டிருந்தபோது ஐயா செருமினார்.

"டீம் பேரு என்ன சொன்னீங்க?"

"சென்னையின்."

"இன் ஐந்தாம் வேற்றுமை உருபு. நீங்கல் பொருள். மலையின் வீழ் அருவி. சென்னையின் நீங்கிய பயிற்சியாளர். பேரிலேயே வச்சிருக்காங்களே."

உடைமைப் பொருளில் வைத்திருப்பார்கள் ஐயா, சென்னையினுடைய டீம் என்று, என மச்சான் ஏதோ சொல்லிப் பார்த்தார். அது உருபு இல்லை, சாரியை என்று தொடங்கி ஐயா இடைவேளை முடியும்வரை விடவில்லை. நாங்கள் ஒரு கோலைத் தவறவிட்டோம்.

இடது பேக் பிரச்சினையையும் அவரிடம்தான் கொண்டுபோனோம். சரியான இடது கால் ஆட்டக்காரன் அமைவது அரிது என்பது எங்கள் நிரந்தரப் புலம்பல். "இடது காலுக்கா இந்த ஊர்ல பஞ்சம்?" என்று கோபுரத்தைக் காட்டினார். "நம்ம ராஜா இடது காலைத் தூக்கித்தான் ஆடறார். வலது காலைத் தூக்கி ஆடறது மதுரை, வெள்ளியம்பலத்துல. ரெண்டு விங்கும் தமிழ்நாட்டிலேயே இருக்கு." சார் யோசித்தார். யோசித்துவிட்டு, "ஆனா கீழ முயலகனை மிதிச்சிருக்காரே, ரெஃபரி ஒத்துக்குவானா?" என்று கேட்டார். கேட்ட கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நேரில் ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும் என்று நானும் சாரும் மச்சானும் சென்னைக்குப் போனோம், கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு. நேரு விளையாட்டரங்கத்தில் எங்களுக்கு முன்னால் நீலச் சட்டைப் பையன்கள் மேளத்தோடு நின்றுகொண்டே பாடினார்கள். சார் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, "நம்பர் போட்டுக் குடுத்திருக்கான் இல்ல, உக்காருங்கப்பா, பின்னால மறைக்குது" என்றார். ஒரு பையன் குனிந்து, "அங்கிள், இது பி ஸ்டாண்டு" என்று பணிவாகச் சொன்னான். அது தகுதியா, எச்சரிக்கையா என்று சாருக்குப் புரியவில்லை. எண்பதாவது நிமிஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். பூங்கா ஸ்டேஷனில் மின்ரயில் பிடித்து, வண்டலூரில் இறங்கி, கிளாம்பாக்கம் போய், கடலூர் பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டும். கிளம்பினோம். படியில் இறங்கிக்கொண்டிருக்கையில் பின்னால் அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். மூன்று பேரும் படியிலேயே நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தாம்பரம் தாண்டும்போது சார் மெல்லச் சொன்னார்: "என் சர்வீஸ்லயே நேரத்துக்கு முன்னாடி சீட்டை விட்டு எழுந்தது இன்னைக்குத்தான்." மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான்.

நெய்வேலியில் பிறந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2019-இல் ஐ-லீக் ஜெயித்த சென்னை சிட்டியிலிருந்து சென்னையினுக்கு வந்தபோது, நம் மாவட்டத்துப் பையன் என்று நான் கடை முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன். 2023-இல் அவர் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். நெய்வேலியில் பிறந்தவன் அனல் மின்நிலையத்தில் சேராமல் பந்து பின்னால் ஏன் போனான் என்பதுதான் சாருக்குக் கடைசி வரை தீராத சந்தேகம்.

அவர் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன். கடலூர்க்காரப் பெண், இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், தேசியப் பட்டத்தைக் குடும்பச் சொத்து மாதிரி வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து, தமிழ்நாடு பெண்கள் அணி முதல் முறையாகக் கோப்பையைக் கொண்டுவந்ததே, அதில் இருந்தவர். சுனாமிக்குப் பிறகு இந்த ஊரில் மாரியப்பன் என்ற கோச் பெண்பிள்ளைகளைப் பந்தோடு விட்டதையும், கடலூர் இந்திரா காந்தி அகாடமி ஷில்லாங் வரை போய் மகளிர் லீக் ஆடியதையும் நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டு போனேன். சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுது?"

"போலீஸ்ல எஸ்.ஐ. சார்."

"பர்மனென்ட்டா?"

"ஆமாம் சார்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் தைரியமா ஆடுது. கோல் விழுந்தாலும் விழாட்டியும் ஒண்ணாம் தேதி சம்பளம். இந்த கோய்லுக்கு அந்த மனநிம்மதி உண்டா?" அன்றைய டீ அவர் கணக்கு. பத்து வருஷத்தில் இரண்டாவது முறை.

2024-25 சீசனில் 13 டீமில் பதினோராவதாக வந்தோம். ஜூலையில் கோய்ல் மறுபடி நீங்கினார், ஐந்தாம் வேற்றுமைப்படி. அதே மாதம் ஐ.எஸ்.எல். போட்டியே நிறுத்திவைப்பு என்று சேதி வந்தது. கால்பந்து சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்துகிற கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை என்றார்கள். யாரை எடுக்கலாம், யாரை விடலாம் என்று பேசிக்கொண்டிருந்த திண்ணை அப்படியே அடங்கிவிட்டது. துறையையே கலைத்துவிட்டால் எந்த மாறுதலைப் பற்றிப் பேசுவது? மச்சான் மட்டும் அமைதியாக இருந்தார். உபரி என்ற சொல்லோடு அவர் ரொம்ப நாள் குடித்தனம் நடத்தியவர்.

அக்டோபரில் கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா புதுக் கோச் என்றார்கள். சார் மறுநாள் காலையே மூங்கில் அட்டையில் கிளிப் போட்ட தாளோடு கடைக்கு வந்தார். இடது பேக் தொடர்பாக அவருக்கு ஒரு கடிதம். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள்: காலிப் பணியிடம் நிரப்பக் கோருதல் தொடர்பாக. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"அவருக்குத் தமிழ் தெரியாது சார்" என்றேன்.

"அது அவங்க ஆபீஸ் பார்த்துக்கும்."

'பொருள்' என்பதற்குக் கீழே 'பார்வை' என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருந்தார். பேனா அங்கேயே நின்றது. பார்வை இல்லாமல் ஒரு கடிதம் அவர் கையால் இதுவரை போனதில்லையாம். முந்தைய கடிதத்தின் எண்ணும் நாளும் அதில் வர வேண்டும். இதற்கு முன்னால் அவருக்கு நாம் கடிதமே போடவில்லையே என்றேன்.

சார் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து அடியில் வைத்துவிட்டு, மேலே ஒரு புதுத் தாளைச் செருகினார்.

"அப்போ முதல்ல அதைப் போட்டுடுவோம்."