கணக்கு கணக்கில் வராது

ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருவன் இருக்கிறான். பாடப் புத்தகத்தைத் திறக்க மாட்டான்; அரசாணை ஒன்றையும் விட மாட்டான். நியூட்டனின் மூன்றாம் விதியைக் கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பான். கலந்தாய்வில் இரண்டு பேர் ஒரே கட் ஆஃபில் நின்றால் முதலில் எந்தப் பாடத்தைப் பார்ப்பார்கள், அதுவும் சமமானால் என்ன செய்வார்கள், கடைசியில் அந்தப் பத்து இலக்க ரேண்டம் எண் எதற்கு என்று கேளுங்கள். மூச்சு விடாமல் ஒப்பிப்பான்.

எங்கள் தெருவில் அவன் எதிர்வீட்டு மாடியில் இருந்தான். காலாண்டுத் தேர்வன்று காலை எட்டரை மணிக்குக் கைலியோடு மாடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருப்பான்.

"என்னடா, இன்னைக்குப் பரீட்சை இல்லையா?"

"காலாண்டு கணக்குல வராது மாமா."

எட்டாவது வரை எல்லோரும் பாஸ், அதனால் அது கணக்கில் வராது. ஒன்பதாவது பள்ளிக்கூடத்தோடு போய்விடும். அரையாண்டு பயமுறுத்துவதற்கு மட்டும். திருப்புதல் தேர்வு வாத்தியார் நிம்மதிக்கு. சோம்பேறி என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சோம்பேறிக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? எதைப் படிக்காமல் விடலாம் என்று அவன் படித்த படிப்பில் பாதியைப் பாடத்துக்குக் கொடுத்திருந்தால் அவன் அம்மா பிள்ளையாருக்கு அத்தனை தேங்காய் உடைத்திருக்க வேண்டாம்.

2019-இல் பத்தாவது முடிவு வந்தது. 500-க்கு 326. சமூக அறிவியல் 84, தமிழ் 81, ஆங்கிலம் 72, அறிவியல் 51. கணக்கு 38. "பத்தாவது மார்க் குரூப் எடுக்கத்தான் மாமா. குரூப் கெடச்சதும் அதுக்குக் காரியம் பண்ணிடலாம்" என்றான்.

குரூப் கிடைப்பதற்குள் அவன் அப்பாவுக்குத்தான் காரியம் பண்ண வேண்டியிருந்திருக்கும். தலைமையாசிரியர் அறை வாசலில் மூன்று நாள் நின்றார். "கணக்குல 38 வாங்கினவனுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பா?" என்று அவர் கேட்டதற்கு, "சார், பையன் பிளஸ் டூவுல பிக்கப் ஆயிடுவான் சார்" என்றாராம். பழைய வண்டியை விற்பவரும் சுமாராகப் படிக்கும் பிள்ளையின் தகப்பனும் பேசுவது ஒரே பாஷை. மேட்டில் திணறினாலும் நெடுஞ்சாலையில் பறக்கும் என்பார்கள்.

பிளஸ் ஒன்னில் நம் சட்ட நிபுணர் உச்சத்துக்குப் போனார். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததால்தான், 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. முதலில் இரண்டு வருடத்துக்கும் ஆளுக்கு 600 போட்டுக் கூட்டுவதாக இருந்தது. அதே வருடம் செப்டம்பரில், உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு அறிவித்துவிட்டது. அந்தச் செய்தித்தாளை வெட்டி, மற்றவர்கள் சூத்திரம் ஒட்டும் இடத்தில் ஒட்டிவைத்திருந்தான். 1200-க்கு எழுதிய தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, நாட்டின் சட்டதிட்டங்களை அவன்தான் விளக்கிச் சொல்வான்.

2020 மார்ச்சில் பிளஸ் ஒன் எழுதினான். கணக்கில் தொண்ணூறுக்கு 36. இயற்பியலில் எழுபதுக்கு 28. கடைசியாக வேதியியல், அதற்குள் ஊரடங்கு வந்து, ஜூனில் அந்தத் தேர்வே ரத்தானது. தெருவுக்கே கேட்கும்படி விசில் அடித்தான். மறுநாள்தான் விவரம் தெரிந்தது. எழுதாத தேர்வுக்குக் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வைத்துப் போடுவார்களாம். கைலியோடு பல் தேய்த்த அதே காலாண்டு. வேதியியலுக்கு 21 வந்தது. "போகட்டும் மாமா, பிளஸ் ஒன்தானே" என்றான். ஆனால் குரலில் பழைய சுருதி இல்லை.

2021 ஜூனில் பிளஸ் டூ தேர்வும் ரத்து. இதற்கு அவன் விசில் அடிக்கவில்லை. அடிபட்ட பூனை. மாதக் கடைசியில் மதிப்பெண் போடும் முறை வந்தது: பத்தாவதுக்கு 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30. ஐந்து வருடமாக எதையெல்லாம் கணக்கில் வராது என்று குழிதோண்டிப் புதைத்தானோ, அதெல்லாம் எழுந்து வரிசையாக வாசலில் வந்து நின்றது.

அன்று இரவு ஒன்பதரை இருக்கும். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, ஒரு கையில் கால்குலேட்டரும் மறு கையில் இரண்டு மதிப்பெண் பட்டியலின் நகலுமாக எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். அவன் கையில் கால்குலேட்டரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் பேயறைந்த களை. அரசாணையை வரிவரியாகப் படித்தவன், ஒரு வரியில் நின்றான். மறுபடி படித்தான்.

"மாமா, பத்தாவதுல அஞ்சு பாடமும் இல்ல. அதிகமா வாங்கின மூணோட சராசரியாம்."

"அதனால?"

"84, 81, 72. சராசரி 79. அதுல பாதி, முப்பத்தொன்பதரை. அது எல்லாப் பாடத்துக்கும் போகும் மாமா."

எனக்கு நிதானமாகத்தான் உறைத்தது. இவனுடைய பிளஸ் டூ இயற்பியல் மதிப்பெண்ணில் பெரும்பங்கைக் கட்டபொம்மனும் திருவள்ளுவரும் சேர்ந்து வாங்கிக் கொடுக்கப்போகிறார்கள். அகமதிப்பீடு பத்துக்குப் பத்து. அதை எந்தப் பள்ளிக்கூடம் யாருக்குக் குறைத்திருக்கிறது? செய்முறையும் முழுசு. ஆக முப்பதுக்கு முப்பது. பிளஸ் ஒன்னின் 36 சுருங்கி எட்டாக நின்றது. கணக்கு 77.5, இயற்பியல் 77.5, வேதியியல் 75.5. கணக்கை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினான். கட் ஆஃப் 154.

"அந்த 38 எங்கடா போச்சு?" என்றேன்.

"மூணுல அது இல்லியே மாமா," என்று சிரித்தான். "கணக்கு கணக்குல வரலை."

ஜூலையில் தசமப் புள்ளியோடு மதிப்பெண் பட்டியல் வந்தது. அதிருப்தி உள்ளவர்கள் தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அவன் அப்பா கேட்டே விட்டார்: "எழுதிப் பாக்குறியாடா?" தொட்டிலில் இப்போதுதான் தூங்கிய குழந்தையை எழுப்பலாமா என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தான்.

அந்த வருடம் ஊரில் எல்லோருக்குமே மதிப்பெண் ஏறிக் கிடந்ததால் 154-க்குப் பெரிய மரியாதை இல்லை. எங்கள் காலத்தில் அப்பாவோடு அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போய், திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் கரைவதைப் பார்த்து வயிறு கலங்குவோம். இவன் வீட்டில் பனியனோடு உட்கார்ந்து தொண்ணூறு விருப்பங்களைப் பதிந்தான். நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. பின்னால் புளியந்தோப்பு, முன்னால் பரோட்டாக் கடை. முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர். "வேலைக்கு எடுக்கிறப்போ ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் மாமா. முன்னாடி வச்சுக் கிளியர் பண்ணது கணக்குல வராது." எப்படியோ கிளியர் பண்ணினான். 2025-இல் பட்டமும் வாங்கினான்.

அந்த ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இனி இல்லை என்றார்கள். செய்தி வந்த அரைமணி நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். என் மகள் அப்போது பிளஸ் ஒன். முற்றத்தில் உட்கார்ந்து காலாண்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, புத்தகத்த மூடு. பிளஸ் ஒன் இனிமே கணக்குலயே வராது."

அவள் தலை நிமிரவில்லை. "உங்களுக்கு வந்த மாதிரி மறுபடியும் வந்துட்டா என்னண்ணா பண்றது?"

நியாயமான கேள்விதான். நான்கூட அவன் முகத்தைப் பார்த்தேன். தாடையைச் சொறிந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சரி, பத்தாவதுல தமிழ் எவ்வளவு? மொதல்ல அதச் சொல்லு."