சவரக்கத்தி பயில்வோர் கவனத்துக்கு

சவரக்கத்தி என்பது மடித்தால் பிடிக்குள் அடங்கி, விரித்தால் சுமார் மூன்று அங்குலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கும் எஃகு அலகு. சேஃப்டி ரேசருக்கு உள்ள காப்பு எதுவும் இதற்குக் கிடையாது. தோலுக்கும் எஃகுக்கும் நடுவே இருப்பவை இரண்டே: கொஞ்சம் சோப்பு நுரை, கத்தியைப் பிடித்திருப்பவரின் புத்தி. பயிலத் தொடங்கும் நாளில் இவ்விரண்டில் நுரைதான் அதிகம்.

இக்கத்திகளுக்குப் பேர்போன ஊர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகாரச் சுருள்களுக்கு நல்ல எஃகு வேண்டும் என்று மூசையில் எஃகை உருக்கிச் சீராக்கும் முறையைக் கண்டறிந்தார். மணி பார்க்க உருக்கிய எஃகு, முகம் மழிக்கவும் மிகப் பொருத்தமாக அமைந்தது. சோலிங்கனின் பெயரோ 1938 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. வேறு ஊரில் அடித்த கத்தியில் அப்பெயரைப் பொறிக்கக் கூடாது. வசதி படைத்தோர் அக்காலத்தில் ஏழு கத்திகள் கொண்ட பெட்டியாக வாங்கினர். ஒவ்வொன்றிலும் ஒரு கிழமையின் பெயர் இருக்கும். தினம் ஒரு கத்தி உழைக்க, மற்ற ஆறும் ஓய்வெடுக்கும். வீட்டில் வேறு எவருக்கும் கிடைக்காத விடுமுறை அது.

பாரிஸ் நகரக் கத்திக் கொல்லர் ழான்-ழாக் பெரே, தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் கலை பற்றி 1769இல் ஒரு நூலே எழுதினார். இதற்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே கலையின் சிரமத்தை ஊகிக்கலாம். அந்தச் சிரமத்தை ஒழித்தவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். கழற்றி எறியும் பிளேடு கொண்ட அவருடைய ரேசர் 1903இல் விற்பனைக்கு வந்தபோது, அந்த ஆண்டு முழுவதும் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் கையில் அது கொடுக்கப்பட்ட பிறகு நிலைமை தலைகீழானது. கத்தி வீட்டுக் கண்ணாடி முன்னிருந்து இறங்கி, முடிதிருத்துவோர் கையோடு நின்றுவிட்டது.

தமிழ்நாட்டுச் சலூன்களிலும் சாணை பிடித்த பழைய கத்தி இப்போது அரிது. எய்ட்ஸ் விழிப்புணர்வு பரவிய பிறகு, ஆளுக்கொரு புது பிளேடு கேட்பது வாடிக்கையாளரின் வழக்கமாயிற்று. கடைக்காரர் பிளேடைக் காகித உறையோடு சேர்த்து நெடுக்காக மடிப்பார். 'டக்' என்று இரண்டாக முறியும். ஒரு பாதியைக் கத்தி வடிவப் பிடியில் செருகிக்கொள்வார். மற்றப் பாதி அடுத்தவருக்கு. இதைத் தினமும் பார்க்கும் ஒருவருக்கு, "இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது?" என்று தோன்றுவது இயல்பே. இருபது வருடமாகச் சலூனுக்குப் போய்வரும் அனுபவம் இருப்பதாகவும் அவர் சொல்வார். ஆனால் அந்த இருபது வருடமும் சவர நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் சில விஷயங்கள் தெரிந்திருக்கும். கடைக்காரர் நின்றுகொண்டு, முகத்தை நேருக்கு நேர் பார்த்து வேலை செய்கிறார். ஒரு கை கத்தியை நடத்த, மறு கையின் கட்டைவிரல் தோலை இழுத்துப் பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டுப்பட்டால் வலிப்பது அவருக்கு அல்ல. அதனால் அவர் கை நடுங்குவதில்லை. தனக்குத் தானே செய்துகொள்பவருக்கு இந்தச் சலுகைகள் எதுவும் இல்லை. கண்ணாடியைப் பார்த்து வேலை செய்யும் கை, ஆழம் தெரியாமல் தடுமாறும். வலக்கன்னத்துக்கு வலக்கை என்றால் இடக்கன்னத்துக்கு இடக்கை வேண்டும். அதுவரை சட்டைப் பித்தான் போடுவதற்கு மட்டும் ஒத்தாசை செய்துவந்த இடக்கை, முதல் பொறுப்பாகக் கழுத்தை ஏற்கிறது.

கத்தி வாங்குவதில் கவனிக்க வேண்டியவை அகலமும் முனையும். அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காக அளப்பது மரபு. தொடக்கநிலையினருக்கு எட்டில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 16 மில்லிமீட்டர் அகலம் ஏற்றது. முனை வட்டமாகவும் இருக்கும், சதுரமாகவும் இருக்கும். பயில்பவர் வட்ட முனையையே வாங்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் புத்திமதி. பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று சதுர முனையை வாங்குவோர், காது மடலும் முகத்தைச் சேர்ந்ததே என்பதை முதல் வாரத்தில் தெரிந்துகொள்வர்.

புதுக் கத்தி பெட்டியிலிருந்து எடுத்ததும் மழிக்கும் என்று எண்ணக் கூடாது. பல கத்திகள் சாணை பிடித்த பிறகே முகத்துக்குத் தகுதி பெறும். இதற்கான கற்கள் பொடியின் நயத்தைப் பொறுத்து 1000, 4000, 8000, 12000 என்று எண்ணிடப்பட்டிருக்கும். எண் கூடக் கூட நயம் கூடும், விலையும் கூடும். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி வைத்துத் தேய்க்க வேண்டும். முதுகின் தடிமனே கோணத்தை நிர்ணயித்துவிடுவதால் இங்கே கற்பவரின் கைத்திறனுக்கு வேலை குறைவு. கத்தியைப் படைத்தோர் மனித இயல்பை அறிந்தவர்கள் என்பதற்கு இது சான்று. ஆனாலும் முதல் சாணையை விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம்.

கூர் ஏறிவிட்டதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. தலைமுடி ஒன்றை இரு விரலால் தொங்கவிட்டுக் கத்தியின் வாயில் மெல்லத் தொட வேண்டும். முடி தானாக அறுந்து விழுந்தால் கத்தி தேறிற்று. வளைந்து கொடுத்தால் மீண்டும் கல்லுக்கு. இச்சோதனையில் மூழ்கியவர் வீட்டில் சீப்பில் சிக்கிய முடியைக்கூடப் பெருக்கிக் கொட்டுவதில்லை. தலையில் இருப்பு குறைந்தவர் மனைவியின் கூந்தலை நம்பி ஆராய்ச்சியைத் தொடர நேரும். ஒரு முடியைத்தான் கேட்கிறார், ஆனால் கையில் கத்தியோடு வந்து கேட்கிறார்.

கூர் ஏன் மழுங்குகிறது என்பதும் கேட்கத்தக்க கேள்வி. ரேசர் எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் முடியை வெட்ட வெட்ட எஃகின் விளிம்பில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன என்பதை அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, 2020இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். வாய் முடியைச் சாய்வாகச் சந்திக்கும்போது, விளிம்பின் பலவீனமான ஓரிடத்தில் விசை குவிந்து சில்லு தெறிக்கிறதாம். இரண்டு நாள் தாடிக்கு முன்னால் சோலிங்கன் எஃகும் நாளடைவில் தோற்கும் என்பது தாடிக்காரர்கள் பெருமைப்படத்தக்க செய்தி.

ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் கத்தியை முதலில் துணி வாரிலும் பிறகு தோல்வாரிலும் தீட்ட வேண்டும். இழுக்கும் திசையில் முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வர வேண்டும். வாரின் முடிவில் கத்தியை முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும், வாயின் மேல் புரட்டக் கூடாது. துணி வாரில் இருபது முப்பது முறையும் தோலில் ஐம்பது அறுபது முறையும் நிதானமாகச் செய்தால் போதும். பயில்பவருக்கோ சினிமாவில் பார்த்த வேகம் நினைவுக்கு வரும். சடசடவென்று நான்கு இழுப்பு நன்றாகவே போகும். ஐந்தாவதில் புரட்ட மறந்து, வாரில் அழகான பிறை ஒன்று விழும். கூர் பரிசோதனை வெற்றி, வார் நஷ்டம். முதல் வாரை மலிவாக வாங்கு என்று தேர்ந்தவர்கள் சொல்வது இதற்காகவே.

அடுத்தது முகத்தைத் தயார் செய்தல். நீர் ஊறிய முடி இளகி எளிதில் அறுபடும். ஆகவே குளித்த கையோடு சவரம் செய்வது நல்லது. இல்லையேல் வெந்நீர்த் துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் போட்டுக்கொள்ளலாம். நுரையை பிரஷ்ஷால் குழைத்து, கன்னத்தில் சுழற்றித் தேய்க்க வேண்டும். பயில்பவர் தைரியத்தைத் திரட்டுவதற்குள் நுரை காய்ந்துவிடும் என்பதால் கிண்ணத்தில் மீதி வைத்துக்கொள்வது அவசியம்.

கத்தியின் கழுத்தின் மேல் மூன்று விரல், வளைந்த வாலில் சுண்டுவிரல், அடியில் கட்டைவிரல் என்பது பிடிக்கும் முறை. வாய் தோலோடு சுமார் 30 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். கோணம் குறைந்தால் கத்தி வழுக்கி முடியை இழுக்கும். கூடினால் ஒட்டிப்போன தோசையைக் கல்லிலிருந்து சுரண்டுவதுபோலத் தோலைச் சுரண்டும். அழுத்தம் அறவே கூடாது. கத்தியின் சொந்த எடையே வேலையைச் செய்யும். வாய்க்கு நேராக முன்னே நகரும் கத்தி முடியை மழிக்கும். வாயின் போக்கில் பக்கவாட்டில் ஓர் இழை வழுக்கினாலும் தோலை அறுக்கும். சமையலறையில் தக்காளி நறுக்கும் அதே அசைவு அது. பயில வேண்டியதன் சாரம் இவ்வளவே: அழுத்தாதே, வழுக்காதே, அவசரப்படாதே. மூன்றுமே செய்யக் கூடாதவை என்பதால்தான் கற்க நாளாகிறது.

மழிக்கும் வரிசை கன்னத்தில் தொடங்கும். கிருதாவுக்குக் கீழே தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, முடி வளரும் போக்கிலேயே சின்னச் சின்ன இழுப்பாகக் கீழே கொண்டுவர வேண்டும். நன்கு தீட்டிய கத்தி அப்போது 'சரசர' என்று ஒலி எழுப்பும். கன்னம் தட்டையானது, இழுத்த இழுப்புக்கு வருவது. பயில்பவர் அங்கே பெறும் வெற்றியால், முகம் முழுவதும் கன்னம்தான் என்ற எண்ணம் அவருக்கு உண்டாகும்.

தாடை எலும்பு அந்த எண்ணத்தை மாற்றும். அங்கே பரப்பு திடீரென்று திரும்புகிறது, கோணமும் கூடவே திரும்ப வேண்டும். தோலை எலும்பிலிருந்து கன்னத்தின் மேல் இழுத்து, தட்டையாக்கிய பின் மழிப்பது வழி. மோவாய் இன்னும் கடினம். முடி அங்கேதான் முரடு. முதல் சில வாரங்களுக்குக் கன்னத்தை மட்டும் கத்தியால் மழித்து, மற்றதைச் சேஃப்டி ரேசரிடம் விட்டுவிடுவது கௌரவக் குறைவு அல்ல. மேலுதட்டுக்கு மூக்கு நுனியை விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டும். தும்மல் வருவதற்கும் இதுதான் நேரம். மீசை வைத்திருப்போருக்கு இந்தப் பாடம் இல்லை. தமிழ்நாட்டில் மீசைக்கு இன்றும் இருக்கும் செல்வாக்குக்கு வீரத்தைக் காரணம் காட்டுவார்கள். கத்தி பயில்பவருக்கு வேறொரு காரணமும் புரியும்.

கழுத்தில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை. சிலருக்குக் குரல்வளைக்கு இடப்பக்கம் கீழ்நோக்கியும் வலப்பக்கம் காதை நோக்கியும் நடுவே சுழியாகவும் போகும். விரலால் தடவிப் பார்த்துத் திசையறிந்த பிறகே கத்தியை வைக்க வேண்டும். நாற்பது வருடம் சுமந்து திரிந்த கழுத்து, சொந்தக்காரருக்கே அறிமுகமில்லாத பிரதேசம் என்று அன்று தெரியவரும். முடி வளரும் போக்குக்கு எதிராக மழிக்கும் எதிர்சவரம் என்பது இவையெல்லாம் கைவந்து பல மாதம் கழித்துச் செய்ய வேண்டியது. முதல் மாதமே செய்தவரைக் கழுத்தின் நிறம் காட்டிக்கொடுக்கும்.

காயங்கள் மூவகை. எரிச்சல் அழுத்தத்தால் வருவது. குளிர்ந்த நீர் போதும். புள்ளிப்புள்ளியாக ரத்தம் கசிவது கோணப் பிசகால் வருவது. ஈரப் படிகாரக் கல்லைத் தடவினால் நிற்கும், தடவும்போது பயில்பவர் ராகம் பாடுவார். மூன்றாவது, கோடாக விழும் வெட்டு. இது பக்கவாட்டு வழுக்கலின் பலன். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஈர முகத்தில் துளி ரத்தமும் பரவிப் பெரிதாகத் தெரியும். எதிரே கண்ணாடியும் இருப்பதால் இரண்டு மடங்காகத் தெரியும். மறுநாள் அலுவலகத்தில் "என்ன சார் ஆச்சு?" என்பதற்குப் பூனை பிறாண்டியது என்று சொல்வது உண்டு. நிஜத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி "ஏன் சார்?" என்பதாக இருக்கும், அதற்குத்தான் பதில் கிடையாது.

பெரிய வெட்டு முதல் வாரத்தில் விழுவது குறைவு. அப்போது பயம் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். பயம் விலகி, வேலை நேரமாகிவிட்டதே என்ற நினைப்பு அந்த இடத்துக்கு வரும் நாளே ஆபத்தான நாள். மழுங்கிய கத்தியும் கூர்க்கத்தியைவிட அதிகம் வெட்டும். ஓடாத கத்தியை மனிதன் அழுத்துவான். இன்னொரு விதி: கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகக் கூடாது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விழ விட வேண்டும். கத்தியின் வாய் போனால் சாணை பிடிக்கலாம், விரலுக்குச் சாணை இல்லை.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வதும் பாதுகாப்பு விதிகளுள் ஒன்று. "அப்பா, என் பென்சில் பாக்ஸ் எங்கே?" என்ற கேள்வி எப்போதும் கத்தி தொண்டையில் இருக்கும்போதுதான் வரும். பிறரை உதவிக்கு அழைக்கலாமா என்றால், பண்டைய சிரகூஸை ஆண்ட தயோனிசியஸ் பற்றி ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியது முன்னுதாரணம். நாவிதரை நம்பாத அவர், தம் மகள்களுக்கே சவரம் கற்றுக்கொடுத்தார். மகள்கள் வளர்ந்ததும் அவர்கள் கையில் கத்தியைத் தரவும் பயந்து, சுட்ட அக்ரூட் கொட்டை ஓட்டால் தாடியைப் பொசுக்கச் சொன்னாராம். வீட்டாருடன் பேசித் தீர்க்காத பாக்கி ஏதும் இருப்பவர்கள் தாமே கற்றுக்கொள்வது மேல்.

சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்து, ஈரம் போகும் வரை விரித்து வைக்க வேண்டும். கார்பன் எஃகு ஒரே இரவில் துருப்பிடிக்கும். ஆதலால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தேவை. மடிக்கும்போது அலகு பிடியின் நடுவே இறங்குகிறதா என்று பார்ப்பது நலம். விமானப் பயணத்தில் இதைக் கைப்பையில் கொண்டுபோக அனுமதி இல்லை. செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

முக்கால் மணி நேரம் பிடித்த சவரம், மாதங்கள் செல்லச் செல்லக் கால் மணிக்கு இறங்கும். காயங்களும் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று அருகி நின்றுவிடும். அந்நிலையில் கிடைப்பது, பக்கத்து வீட்டுக்காரர் தூக்கி எறியும் ரேசரால் ஐந்து நிமிடத்தில் பெறும் அதே மழுமழு முகம். பார்ப்பவர் எவருக்கும் வித்தியாசம் தெரியாது, அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பயிற்சி முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி.