ஜனவரியில் தோற்காதவர்

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் புத்தாண்டு பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் பப்புகளில் ஒரு வகை மனிதர் தென்படத் தொடங்குவார். வயது நாற்பத்தைந்துக்கு மேல், எழுபத்தைந்துக்குள். கழுத்தில் சிவப்பு மஃப்ளர். கோட்டுப் பையில் நான்காக மடித்த தாள். அதில் பதினைந்து ரக்பி ஆட்டங்களின் முடிவுகள், புள்ளிகளோடு, சுத்தமான கையெழுத்தில் இருக்கும். பார்க்கிறவருக்கு ஏதோ பழைய பத்திரிகையிலிருந்து நகல் எடுத்தது போலத் தோன்றும். பதினைந்தில் ஒன்றுகூட இன்னும் ஆடப்படவில்லை. முதல் ஆட்டமே பிப்ரவரியில்தான்.

இவர் ஆறு நாடுகள் போட்டியின் கணிப்பாளர். இந்தப் பதவிக்கு இவரை யாரும் நியமிக்கவில்லை. ஆகவே யாராலும் நீக்கவும் முடியாது.

போட்டியைப் பற்றி இரண்டு வரி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நான்கும் 1883இல் தமக்குள் ஆரம்பித்துக்கொண்டது. பிரான்ஸ் 1910இல் சேர்ந்தது, இத்தாலி 2000இல். ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்தோடும் தலா ஒரு முறை மோதும். மார்ச் நடுவில் எல்லாம் முடிந்துவிடும். ஐந்திலும் ஜெயித்தால் கிராண்ட் ஸ்லாம். கடைசி இடம் வந்தால் மரக்கரண்டி. அப்படி ஒரு கரண்டியை யாரும் மேடையில் வைத்துக் கொடுப்பதில்லை. கொடுத்திருந்தால் இத்தாலிக்காரர்கள் தனியாக ஒரு அலமாரி வாங்கியிருக்க வேண்டும்.

வெறும் வெற்றி, தோல்வி என்று மட்டும் வைத்துக்கொண்டாலே பதினைந்து ஆட்டங்கள் 32,768 விதமாக முடியலாம். கணிப்பாளர் அவற்றில் 32,767ஐ ஒரே மாலையில் தள்ளுபடி செய்கிறவர். இது எப்படி முடிகிறது என்று ஆச்சரியப்பட வேண்டாம். பெண் பிடித்துப்போய், மண்டபமும் பேசி முடித்த பிறகு பொருத்தம் பார்க்கப் போகிற குடும்பத்தின் முறைதான் அது. தாளின் அடியில் முதலில் வேல்ஸின் இடத்தை எழுதிவிடுவார். ‘இரண்டு’ என்றுதான் எழுதுவார். ‘ஒன்று’ என்று எழுதினால் நடுநிலைமை போய்விடுமாம். பிறகு மற்ற முடிவுகளை ஒவ்வொன்றாக அதற்கு இசைய வைப்பார். அயர்லாந்து பிரான்ஸில் தோற்றாக வேண்டும். சரி, தோற்கட்டும். இங்கிலாந்து எடின்பரோவில் தோற்றாக வேண்டும். தோற்கும். இங்கிலாந்தை வென்ற அதே ஸ்காட்லாந்து அடுத்த வாரமே கார்டிஃபுக்கு வந்து சுருண்டாக வேண்டும். அதுவும் ஆகும். வேல்ஸ் இரண்டாவது இடத்தில் சௌகரியமாக உட்கார, ஐந்து நாடுகள் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது!

ஆதாரம் இல்லாமல் பேசுகிறார் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. ஒற்றைப்படை ஆண்டுகளில் வேல்ஸுக்குச் சொந்த மைதானத்தில் இரண்டே ஆட்டங்கள், இரட்டைப்படை ஆண்டுகளில் மூன்று. இரட்டைப்படை ஆண்டு வந்தால் அவர் சொல்வது: “மூணு ஆட்டம் நம்ம வீட்டுல. 2008, 2012 ரெண்டும் இப்படித்தான். ரெண்டுலயும் கிராண்ட் ஸ்லாம்.” ஒற்றைப்படை ஆண்டு வந்தால்: “வீட்டுல ரெண்டே ஆட்டம். ஆனா அந்த ரெண்டு யாரோட? இங்கிலாந்து, அயர்லாந்து. பெரிய தலைங்க ரெண்டும் நம்மகிட்ட வந்து மாட்டுது. 2005, 2019 ஞாபகம் இருக்கா? ரெண்டுலயும் கிராண்ட் ஸ்லாம்.” எல்லாமே உண்மை. ஆண்டுக் கணக்கில் ஒரு பிழை இல்லை. ஒற்றையும் இல்லாமல் இரட்டையும் இல்லாமல் ஓர் ஆண்டு வந்தால் மட்டும்தான் வேல்ஸுக்கு ஆபத்து.

அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தால் அது நல்ல அறிகுறி. கேவலமாக ஆடிக்கொண்டிருந்தால் அதைவிட நல்ல அறிகுறி. 2007 உலகக் கோப்பையில் பிஜியிடம் தோற்று முதல் சுற்றோடு வீடு திரும்பினார்கள். ஆறே மாதத்தில் கிராண்ட் ஸ்லாம். 2020இல் ஐந்தாம் இடம், 2021இல் சாம்பியன். இந்தச் சூத்திரத்தின்படி பார்த்தால் 2024இல் ஐந்து ஆட்டங்களையும் தோற்றபோது 2025 மிகவும் பிரகாசமாகத் தெரிந்தது. 2025இலும் ஐந்தும் போயின. கடைசி ஆட்டத்தில், கார்டிஃபிலேயே, இங்கிலாந்து 68–14 என்று அடித்துவிட்டுப் போனது. அன்றிரவு அவர் பேசவில்லை. அடுத்த ஜனவரியில் பேசினார்: “ரெண்டு வருஷமா சேர்ந்து கிடக்கு. இனி எவ்வளவு உயரம் போகும்னு நீயே யோசிச்சுப் பாரு.”

எடின்பரோவில் இதே மனிதருக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. ஆனால் வளர்ப்பு வேறு. ஸ்காட்லாந்து கடைசியாகப் பட்டம் வென்றது 1999இல், இத்தாலி வருவதற்கு முந்தைய ஆண்டு. சனிக்கிழமை பாரிஸில் பிரான்ஸை 36–22 என்று வென்றுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெம்ப்லி மைதானத்தில் வேல்ஸ் இங்கிலாந்தைக் கடைசி நிமிடங்களில் ஒரே புள்ளியில், 32–31 என்று வீழ்த்தியதால் பட்டம் ஸ்காட்லாந்துக்கு வந்தது. அதற்குப் பிறகு 2025 வரை வரவில்லை. ஆனால் ஜனவரி தோறும் லண்டன் பத்திரிகைகள் தவறாமல் எழுதும், இந்த முறை ஸ்காட்லாந்தைக் கவனியுங்கள் என்று. எடின்பரோக்காரர் அதைப் படித்ததும் வெலவெலத்துப் போவார். அவருக்குத் தெரியும். 2021இல் முதல் ஆட்டத்தில் இங்கிலாந்தை வென்றார்கள். அடுத்த ஆட்டத்தில் வேல்ஸிடம் தோற்றார்கள். 2022இலும் முதல் ஆட்டத்தில் இங்கிலாந்தை வென்றார்கள்; அடுத்த ஆட்டத்தில் வேல்ஸிடம் தோற்றார்கள். ஆகவே அவர் தன் தாளில் ஸ்காட்லாந்துக்கு நான்காம் இடம் எழுதிவிட்டு, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் முதல் இடத்துக்கான கணக்கையும் போட்டு வைத்திருப்பார். அதை மனைவிக்குக்கூடக் காட்ட மாட்டார்.

பட்டம் வராவிட்டாலும் அவருக்குக் கல்கத்தாக் கோப்பை இருக்கிறது. ஆம், நம் கல்கத்தாதான். 1870களில் அங்கே இருந்த ஆங்கிலேயர்களின் ரக்பி சங்கம் நொடித்துப்போனது. இலவச மதுவை நிறுத்தியதும் உறுப்பினர்கள் கரைந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்ப முடியாததாக எனக்குப் படவில்லை. வங்கியில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி, மூன்று நாகங்களைக் கைப்பிடியாகவும் மூடியில் ஒரு யானையையும் வைத்துக் கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக மோதிக்கொள்கின்றன. 1988இல் ஆட்டம் முடிந்த இரவு, இரு அணியிலிருந்தும் தலா ஒருவர் சேர்ந்து அதை எடின்பரோத் தெருவில் உதைத்து விளையாடி நசுக்கிவிட்டார்கள். எதிரிகள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று எடின்பரோக் கணிப்பாளர் பெருமையோடு சொல்வார்.

இங்கிலாந்துக் கணிப்பாளர் சுவாரசியமில்லாதவர். “நாங்க பெருசா ஒண்ணும் எதிர்பார்க்கலை” என்று சொல்வார். தாளில் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பார். அயர்லாந்துக்காரரிடம் புள்ளிவிவரம் அதிகம், பேச்சு குறைவு. பிரெஞ்சுக்காரருக்குக் கணிப்பதே கௌரவக் குறைச்சல். ஆனால் பிரான்ஸைப் பற்றி மற்ற ஐந்து நாட்டுக்காரர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “எந்த பிரான்ஸ் வரப்போகுது?” தேவதைகள் மாதிரி ஆடும் பிரான்ஸா, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஆடும் பிரான்ஸா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும், பதில் தேவையில்லை. கேட்டவர் விஷயம் தெரிந்தவர் என்று ஆகிவிடும்.

ஜனவரி மூன்றாம் வாரம் கணிப்பாளர் மருத்துவராவார். தேசிய அணி கூடுவதற்கு முன் ஆட்டக்காரர்கள் தத்தம் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள். யாராவது தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், தொலைக்காட்சியில் பார்த்தே எத்தனை வாரம் ஓய்வு என்று சொல்லிவிடுவார். “ஆறு வாரம். தசைநார்.” எதிரணி ஆளாக இருந்தால் எட்டு. நட்சத்திரம் விழுந்தால் அணியும் விழும் என்பது அவருடைய மருத்துவம். 2025 மார்ச்சில் டப்ளினில் பிரான்ஸின் அந்துவான் துபோன் முதல் பாதியிலேயே முழங்கால் போய் வெளியேறினார். உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் சொல்லும் ஆள். கணிப்பாளர் தாளை எடுத்து பிரான்ஸை அடித்துத் திருத்திவிட்டுத் தலை நிமிர்வதற்குள் பிரான்ஸ் 42–27 என்று ஜெயித்திருந்தது. அடுத்த வாரம் பட்டமும் அவர்களுக்கே.

மருத்துவத்தைவிட அவருக்கு ஆன்மிகம் நன்றாக வரும். வேல்ஸ் கிராண்ட் ஸ்லாம் அடித்தால் ரோமில் போப்பாண்டவர் காலமாவார் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. 1978இல் வேல்ஸ் ஐந்து நாடுகள் காலத்து கிராண்ட் ஸ்லாம் அடித்தது. அவ்வாண்டில் இரண்டு போப்புகள் மறைந்தார்கள். 2005 மார்ச் 19இல் அடித்தது. இரண்டே வாரத்தில் இரண்டாம் ஜான் பால் காலமானார். 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் தன் கிறிஸ்துமஸ் இதழில் இதைப் புள்ளியியல் முறைப்படி ஆராய்ந்து ஒரு கட்டுரையே வெளியிட்டது. அந்த ஆண்டும் கிராண்ட் ஸ்லாம் அடித்திருந்தார்கள். பதினாறாம் பெனடிக்ட் சுகமாகவே இருந்தார். கணிப்பாளர் இதைச் சொல்லும்போது குரலில் லேசான ஏமாற்றம் தட்டும். கெட்ட எண்ணமில்லை. ஒரு சூத்திரம் வீணாகிவிட்டதே என்ற வருத்தம்.

இவருடைய பரம எதிரி இங்கிலாந்துக்காரர் அல்ல. அலுவலகத்தில் ஆளுக்கு ஐந்து பவுண்டு போட்டு நடத்தும் கணிப்புப் பந்தயத்தில், பதினைந்து ஆட்டத்துக்கும் ‘சொந்த மைதான அணி’ என்று எழுதிவிட்டு டீ போடப் போகிற மனிதர்தான். அந்த மனிதருக்கு ரக்பியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதே தெரியாது. ஆனால் 1973இல் ஐந்து நாடுகள் போட்டியின் பத்து ஆட்டங்களிலும் சொந்த மைதான அணியே வென்றது. ஐந்து அணிக்கும் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. பட்டத்தை ஐந்தும் பங்கு போட்டுக்கொண்டன. அதாவது அந்த ஆண்டு டீ போடுகிறவர் பத்துக்குப் பத்து வாங்கியிருப்பார். வேல்ஸுக்குப் பட்டம் என்று எழுதியவரும் சரி, கடைசி இடம் என்று எழுதியவரும் ஒரு வகையில் சரி. கணிப்பாளர் 1973ஐப் பற்றிப் பேசுவதில்லை.

அவர் பேச விரும்புவது 2015 மார்ச் 21. கடைசி நாள், ஒரே நாளில் மூன்று ஆட்டங்கள், நான்கு அணிகள் தலா மூன்று வெற்றியோடோ அதை எட்டும் நிலையிலோ நின்றன. புள்ளி வித்தியாசம்தான் பட்டத்தை முடிவு செய்யும். காலையிலேயே அவர் கால்குலேட்டரோடு உட்கார்ந்துவிட்டார். வேல்ஸ் ரோமில் 61–20. மேஜை மேல் ஏறாத குறை. பிறகு அயர்லாந்து எடின்பரோவில் 40–10. இறங்கினார். இனி இங்கிலாந்து பிரான்ஸை 26 புள்ளி வித்தியாசத்தில் வென்றால் பட்டம் அவர்களுக்கு. 55–35 என்று வென்றார்கள், ஆறு புள்ளி போதவில்லை. மூன்று ஆட்டங்களில் 221 புள்ளிகள். பட்டம் அயர்லாந்துக்கு. அன்றைய தாளில் அவர் எழுதியிருந்த மூன்று ஸ்கோர்களும் இருபதைத் தாண்டவில்லை. “மழை வரும்னு நினைச்சேன்” என்பார். ஆனாலும் அந்த நாளை வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2017இல் போனஸ் புள்ளி முறையைக் கொண்டுவந்து இந்தக் கணக்கை மாற்றிவிட்டார்கள்: வெற்றிக்கு நான்கு, நான்கு டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுவது) போட்டால் ஒன்று, ஏழு புள்ளிக்குள் தோற்றாலும் ஒன்று. அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. தோற்றாலும் ஏதாவது கிடைக்கிறது என்று புரிந்த பிறகு பிடித்துவிட்டது.

போட்டி தொடங்கியதும் தாளுக்கு வேலை கூடும். முதல் வாரம் மூன்றுக்கு இரண்டு சரியாக வந்தால் தாள் மேஜை மேல் இருக்கும். ஒன்று வந்தால் பைக்குள் போகும். ஒன்றுமே வராவிட்டால் அது நடுவரைப் பற்றிய வாரம். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு பென்சிலால் திருத்தங்கள். நான்காம் வாரம் பார்த்தால் ஏற்கெனவே நடந்து முடிந்த ஆட்டங்களின் கணிப்புகள்கூடச் சற்று மாறியிருக்கும்.

மார்ச் மாதக் கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, அவரிடம் தாளைக் கேட்டால் கோட்டைத் துவைக்கப் போட்டாயிற்று என்பார். வற்புறுத்த வேண்டாம். வேறு தாள் எடுத்துவிட்டார். 2027இல் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை, இருபத்து நான்கு அணிகள். ஆட்டங்களை எழுதிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் ஒரு சந்தேகம். அங்கே இரவு எட்டு மணி என்றால் கார்டிஃபில் காலை. காலை ஆட்டத்துக்குப் பப்பைத் திறப்பார்களா, திறந்தாலும் அந்நேரத்துக்கு பியர் தருவார்களா? முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அதை அப்போ பார்த்துக்கலாம்.” கணிப்பாளருக்கு வந்ததே கோபம். எதையும் முன்கூட்டியே யோசிக்காத ஜனங்கள் என்று அரை மணி நேரம் திட்டித் தீர்த்தார்.