ஏழேகால் அங்குலம்

புத்தகத் தட்டு அடிக்கக் கிளம்பிய வெள்ளவத்தைத் தொடர்மாடிக்காரனைப் புறக்கோட்டை முகத்தை வைத்தே பிடித்துவிடும். பழைய சோனகத் தெருவில் நாட்டாமைகளின் கைவண்டிக்கு ஒதுங்கினேன். ஒதுங்கிய இடம் ஒரு ஹாட்வெயார் கடை. இந்தத் தெருவில் பாதி வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது என்பது என் ஊகம்.

“நானா, கையில பிடிக்கிற வட்ட வாள் காட்டுங்கோ. நல்ல பவரான சாமான்.”

“என்னத்த வெட்டப் போறீங்க ஐயா?”

“பிளைவுட். 18 எம்எம்.”

நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய மெஷினைத் தட்டிலேயே விட்டுவிட்டு 7¼ அங்குலத்தை இறக்கினார். அந்த 185 மில்லிமீற்றர் தகடு, நேராகப் பிடித்தால் ஏறக்குறைய 65 மில்லிமீற்றர் கனம் வெட்டும். அதற்கு மேல் ஆசைப்படுவது தச்சு வேலையில்லை, வீறாப்பு.

இந்த மெஷினுக்கே மூலம் கரும்புதான். 1920களில் நியூ ஓர்லியன்ஸில் எட்மண்ட் மிஷெல் என்பவர், கரும்பைக் கத்தியால் வெட்டிக் களைப்பவர்களைப் பார்த்துத்தான் மோட்டர் வாளை யோசித்தாராம். கரும்பு தப்பியது, மரம் மாட்டிக்கொண்டது.

“வாட்ஸ விடுங்க, பல்ல எண்ணுங்க” என்றார் நானா. மெஷினோடு வருவது 24 பல். கட்டை அறுக்கச் சரி, பிளைவுட்டின் ஓரத்தைப் பிய்த்துவிடும். அதற்கு 40 பல்லாவது வேண்டும். பல் கீழிருந்து மேலே ஏறி வெட்டுவதால், பலகையின் நல்ல பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைக்க வேண்டும். வீட்டில் இத்தனை காலம் நான் நல்ல பக்கத்தை மேலே காட்டித்தான் பழக்கம்.

பிறகு தகட்டின் கீழ்மூடியைப் பெருவிரலால் இழுத்து விட்டார். ‘டக்’கென்று மூடியது. பக்கத்தில் இன்னொன்று: பிரபலமான பெயரில் ஓர் எழுத்துக் கூட, விலையில் பாதி குறைவு. அதன் மூடி, தேநீர் குடிக்கப் போன கந்தோர்ப் பியோன் மாதிரி ஆறுதலாகத் திரும்பி வந்தது. அதற்குள் விரல் போய்விடும்.

“எங்க வெச்சு வெட்டுவீங்க?”

“மூன்றாம் மாடி, பல்கனியில்.”

“கீழ் வீட்டுல ஆளிருக்கா?”

“ரிட்டயரான அதிபர்.”

நானா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. “ஐயா, பலகை வாங்கற கடையிலயே அளவுக்கு வெட்டித் தருவாங்களே.”

“அந்த நாற்பது பல்லையும் சேர்த்துக் கட்டுங்கோ” என்றேன்.