பரோலோ சார்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பணி ஓய்வு பெற்றவர்கள் முன்பெல்லாம் இரண்டு வகைதான். ஏரிக்கரையில் கை வீசி நடப்பவர்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நடப்பவர்களைப் பற்றிப் பேசுபவர்கள். அண்மையில் மூன்றாவதாக ஒரு வகை முளைத்திருக்கிறது. காசு கட்டி, இத்தாலிக்குப் போய், நடந்துவிட்டு வந்தவர். காலனிக்கு ஒருவர்தான் இருப்பார். இருவர் இருந்தால் காலனி தாங்காது. எங்கள் பக்கத்தில் அவருக்குப் பரோலோ சார் என்று பெயர்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றிப் போட்ட சமதளமான நடைபாதையில், மலையேறும் கைத்தடி இரண்டை ஊன்றிக்கொண்டு வருகிறவர் அவர்தான். தலையில் வைக்கோல் தொப்பி. சட்டைப் பையில் ஆலிவ் எண்ணெய் அடைத்த சின்னக் குப்பி. தோசைக் கடையில், “உன் எண்ணெய் வேண்டாம்ப்பா, இதை ரெண்டு சொட்டு விடு” என்று நீட்டுவார். மாஸ்டர் அது ஏதோ சாமிப் பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் சார் நடந்ததாக வரலாறு கிடையாது. கொத்தமல்லிக் கட்டு வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் ஸ்கூட்டர்தான். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகலாம் என்றார் மாமி. மிலானில் இருக்கும் மகள் பீட்மாண்ட் என்றாள். டிக்கெட் எடுத்தவள் மகள் என்பதால் பீட்மாண்ட்.

பீட்மாண்ட் இத்தாலியின் வடமேற்கு மூலை. அங்கே லாங்கே என்று திராட்சைத் தோட்டங்கள் போர்த்திய குன்றுகள் உண்டு. 2014இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வழிகாட்டி ஒருவர் முன்னே போக, பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் தோட்டம் தோட்டமாக நடக்க வேண்டும். வழியில் பாலாடைக்கட்டி செய்கிற வீடு, ஒயின் வைத்திருக்கும் நிலவறை, பண்ணை வீட்டில் மதியச் சாப்பாடு. இரவு தங்கும் இடத்துக்குப் பெட்டிகள் தனியே வேனில் வந்துவிடும். இந்த ஏற்பாட்டை மாமி இன்றுவரை மன்னிக்கவில்லை.

“பெட்டிய ஜம்முனு வேன்ல அனுப்பிச்சா. மனுஷாளை வெயில்ல நடக்க விட்டா. இதுக்கு யூரோல பணம்!”

திரும்பி வந்த சாரிடம் எதைக் கேட்டாலும் பதில் மாதக் கணக்கில்தான் வரும். பரோலோ ஒயின் நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்வது; முப்பத்தெட்டு மாதம் கழித்துத்தான் விற்பனைக்கு வரும், அதில் பதினெட்டு மாதம் மரப் பீப்பாயில் இருந்தாக வேண்டும். பார்மேசான் பாலாடைக்கட்டி குறைந்தது பன்னிரண்டு மாதம். மோதெனா ஊரின் பாரம்பரியக் காடியோ பன்னிரண்டு வருஷம். “காலம்தான் சமையல்காரன்” என்று கண்ணை மூடிச் சொல்வார். சமையலறையிலிருந்து உடனே பதில் வரும்:

“மாவு ரெண்டு நாள் புளிச்சா மூஞ்சியச் சுளிச்சவர் நீங்கதானே?”

பொலெண்டா விஷயமும் அப்படித்தான். மக்காச்சோள மாவை நீரில் கொட்டி, கை ஓயக் கிண்டி எடுக்கும் வடக்கு இத்தாலியச் சாப்பாடு அது. சார் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். மாமி ஒரே வரியில் முடித்துவிடுவார்: “திருவாதிரைக்கு நான் களி கிண்டினா ரெண்டு ஸ்பூனோட எழுந்துடுவார். அங்கே அதையே ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டார்.”

சார் சுத்த சைவம். வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கழுவினாயா என்று இரண்டு முறை கேட்பவர். பார்மேசானுக்குப் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் போட வேண்டும் என்று விதி. வழிகாட்டி இதைக் கடைசி நாளில்தான் சொன்னார். இந்த ஒரு தகவலைச் சார் எந்தச் சொற்பொழிவிலும் சேர்ப்பதில்லை. மாமி எதிலும் விடுவதில்லை. ஒயினையும் அவர் ‘ருசி மட்டும் பார்த்தார்’. சுவைத்துவிட்டுத் துப்புவதற்கு மேஜை மேல் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அந்தப் பாத்திரத்தைச் சார் என்ன செய்தார் என்று கேட்டால், பேச்சு மறுபடி பீப்பாய்க்குப் போய்விடும்.

இத்தோடு நின்றிருந்தால் அவர் வீட்டுக்கு மட்டும் ஆபத்து. ஆனால் சார் வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் கூட வேண்டும். மேற்குப் புறநகர் உணவு நடை. ஊருக்கு ஊர் பஸ், இறங்கிய இடத்தில் நடை. வருகிறவர்களில் இருவருக்கு மூட்டுவலி, நால்வருக்குச் சர்க்கரை, ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் வடை தின்ன வந்தவர். சார் தலைகளை எண்ணுவார். பதினொன்று. பன்னிரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறார்களே என்று பதறி மறுபடி எண்ணுவார். தன்னை எண்ண மறந்தது கடைசியில்தான் உறைக்கும். இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர் (1680–1747) பரமார்த்த குருவையும் சீடர்களையும் ஆற்றங்கரையில் எண்ண வைத்து எழுதியிருக்கிறார். இத்தாலியர்கள் நம்மை முன்பே கவனித்திருக்கிறார்கள்.

முதல் நிறுத்தம் டீக்கடை.

“மாஸ்டர், இது எந்த ஊர்ப் பால்?”

“பாக்கெட் பால் சார்.”

“பாக்கெட் எங்கேருந்து வருது?”

“இதோ, அம்பத்தூர் ஆவின்தான் சார்.”

சார் முகம் மலர்ந்துவிடும். உள்ளூரில் விளைந்ததை உள்ளூரிலேயே உண்பதற்கு இத்தாலியில் ‘கிலோமெட்ரோ ஜீரோ’ என்பார்கள். “பாருங்கள், கிலோமெட்ரோ ஜீரோ!” என்று கூவுவார். மாஸ்டர் உடனே, “சர்க்கரையும் ஜீரோவா சார்?” என்று கேட்பார். நால்வர் கை தூக்குவார்கள்.

அடுத்தது நடைபாதை இட்லிக் கடை. சார் ஒரு விள்ளல் எடுத்து, மூக்கருகே வைத்து, “அடடா, என்ன மண்வாசனை!” என்றார். கடைக்கார அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னா சார் சொல்ற? மண்ணா? மூணு தண்ணி கழுவித்தான் அரிசிய ஊறப் போட்டேன்.”

சமாதானம் செய்யக் கால் மணி நேரம் ஆனது. பின் பட்டரவாக்கம். வடமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கடைகளில் சுடும் லிட்டியைச் சார் உடைத்துப் பார்த்து, வறுத்த கடலைமாவுப் பூரணம் என்று அறிவித்தார். கடைக்காரப் பையனுக்குத் தமிழ் வராது. சாருக்கு இந்தி வராது. சார் இத்தாலி மொழியில் நன்றி சொன்னார்.

ஆவடியில் வரலாறு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம்தான் குறிக்கோள் என்று தீர்மானம் போட்ட ஊர் இது. அதற்கு மரியாதையாக ஒரு தட்டு பஜ்ஜியைப் பன்னிரண்டு பேருக்கும் சமமாகப் பங்கிட்டார். பூந்தமல்லியில் பக்தி. இங்கிருந்து காஞ்சி வரதருக்குப் பூ சுமந்துகொண்டு நடந்தே போனவர் திருக்கச்சி நம்பி என்பது தல வரலாறு. “நம்பி காஞ்சிக்கே நடந்தார், நீங்கள் குமணன்சாவடிக்கு ஆட்டோ கேட்கிறீர்கள்!” என்று அதட்டினார். அதட்டியது ஆட்டோவில் ஏறிக்கொண்டே.

ஒயின் இல்லாமல் நடை நிறையாது. அரசு மதுக்கடை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்பே மாமியின் போன் வந்துவிடும். ஆகவே பன்னீர் சோடா. பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கி நிறம் பார்த்தார். சுழற்றினார், கொஞ்சம் பொங்கித் தொப்பியில் வழிந்தது. பரோலோவில் ரோஜாவும் தாரும் மணக்கும் என்பது ஒயின் அறிந்தவர்கள் சொல்வது. பன்னீர் சோடாவில் ரோஜா உண்டு. தாருக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலை இருக்கிறது. “அதே வாசனை!” என்றார் சார். யாரும் மறுக்கவில்லை.

சிரிக்கலாம். ஆனால் சாரின் கையில் சரக்கே இல்லை என்று சொல்ல முடியாது. 1986இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டருகே மெக்டொனால்ட்ஸ் கடை வந்தபோது எதிர்த்துக் கிளம்பியவர் கார்லோ பெத்ரீனி. அதே பீட்மாண்டில் பிரா என்ற சிற்றூர்க்காரர். 1989இல் பாரிசில் அறிக்கை வெளியிட்டு உலக இயக்கமானது அவருடைய ‘ஸ்லோ ஃபுட்’. உண்பதன் பின்னால் ஓர் ஊரும் ஒரு கைப்பழக்கமும் இருக்கின்றன, அதற்கு உரிய விலை கொடு என்பதுதான் அதன் சாரம். நம்மிடமும் அந்த எண்ணம் சட்டமாக வந்திருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல், மணப்பாறை முறுக்கு 2023இல். முல்லைவாயில், பூவிருந்தவல்லி என்று பெயரிலேயே பூ வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் பக்கத்துக்குத் தின்கிற பொருள் எதிலும் பட்டம் இல்லை. எஸ்டேட் டீக்கு விண்ணப்பிக்கலாமா என்று சார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அவரிடம் உள்ள குறை வேறு. பீட்மாண்டில் பாலாடைக்கட்டிக்காரர் பேசும்போது கைகட்டி நின்று கேட்டார். கேட்ட விலையைக் கொடுத்து, நன்றியும் சொன்னார். இங்கே இட்லிக்கார அம்மாவிடம் அவரே பேசினார். விடிகாலை எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார், மாவு எங்கே அரைக்கிறார், மழை நாளில் கடை என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியில், “இட்லி ஏம்மா ரெண்டு ரூபா ஏறிடுச்சு?” என்றார். தூரத்து ஊரில் கலையாகத் தெரிவது பக்கத்துத் தெருவில் பலகாரமாகிவிடுகிறது. இது சாருக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தெருமுனைக்கு ஸ்கூட்டரில் போனவரை நடக்க வைத்தது இத்தாலி. அவர் பின்னால் இன்னும் பதினொரு பேர் நடக்கிறார்கள். மருத்துவர்கள் பத்து வருஷம் சொல்லியும் நடக்காத காரியம் இது.

உங்கள் காலனியிலும் ஒரு பரோலோ சார் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் தட்டாமல் போங்கள். ஷூ போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசுவதில் பாதியைக் கேட்டால் போதும். கடைக்காரர் பேசுவதை முழுதாகக் கேளுங்கள். இட்லிக் காசை மட்டும் அவர் கொடுக்க விட்டுவிடாதீர்கள். கொடுத்துவிட்டால், அந்தப் பதினெட்டு மாதப் பீப்பாய்க் கதையை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.