நடந்தா அஞ்சு நிமிஷம்: திருப்பதி வாடகை வீட்டியலுக்கு ஒரு முன்னுரை

திருப்பதியில் பிறர் இடத்தில் குடிபோன முதல் ஆள் யார் என்ற கேள்விக்குத் தலபுராணமே பதில் வைத்திருக்கிறது: பெருமாள். மலை வராகசுவாமியின் இடம். சீனிவாசர் வந்து நூறடி கேட்டார். கையில் காசு கிடையாது. அட்வான்ஸுக்குப் பதிலாக முதல் பூஜையும் முதல் நைவேத்தியமும் முதல் தரிசனமும் வராகருக்கே என்று பேசி முடித்தார்கள். இன்றும் புஷ்கரணிக் கரையில் வராகரைச் சேவித்த பிறகே மூலவரிடம் போக வேண்டும் என்பது முறை. கீழ்ப்போர்ஷனில் இருக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாடிப்படி ஏறும் குடித்தனக்காரர் வழக்கம் இங்கிருந்துதான் தொடங்கியது என்பது இவ்வாய்வின் முதல் கருதுகோள்.

இரண்டாவது கருதுகோளுக்கும் பெருமாளே ஆதாரம். தாயார் பத்மாவதி இருப்பது திருச்சானூரில். சுவாமி இரவில் மலையிறங்கிப் போய், சுப்ரபாதத்துக்குள் திரும்பிவிடுகிறார், அந்த நடையில் பாதுகை தேய்ந்துபோகிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. மலையடிவாரத்து அலிபிரியில் பித்தளைப் பாதுகையைத் தலையில் வைத்துக்கொண்டு வலம் வருகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம். ஓர் ஊரில் இருந்துகொண்டு இன்னோர் ஊருக்குத் தினமும் போய்வருவதைச் சித்தூர், திருப்பதிப் பக்கம் ‘அப் அண்ட் டவுன்’ என்பார்கள். மலைப்பாதை பஸ் ஏறியது 1944-ல்தான். அதற்கு முன்னாலிருந்தே சுவாமி அப் அண்ட் டவுன்.

இனி மேல்நாட்டுச் சான்றுகள். 1826-ல் வான் தியூனன் என்ற ஜெர்மானியப் பண்ணையார், சந்தையிலிருந்து விலக விலக நில வாடகை குறையும் என்று கணக்குப் போட்டார். 1964-ல் வில்லியம் அலோன்சோ அந்தக் கணக்கை நகரத்துக்குக் கொண்டுவந்தார்: வாடகையில் மிச்சம் பிடிப்பதைப் பயணத்தில் விடுவாய், பயணத்தில் மிச்சம் பிடிப்பதை வாடகையில் கொடுப்பாய். இருவரும் பெரிய மூளைக்காரர்கள். ஆனால் இருவருமே திருப்பதியில் வீடு தேடியதில்லை.

தேடியிருந்தால் முதல் நாளே நடுமையம் எது என்பதில் குழம்பியிருப்பார்கள். ராமானுஜர் 1130-ல் கோவிந்தராஜர் கோயிலைச் சுற்றி ஊரை அமைத்தார் என்பது வரலாற்று மரபு. அந்தக் கோவிந்தராஜரே தில்லையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். தம்பி சீனிவாசரின் கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனை அளந்து கொடுத்த களைப்பில், மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். மாதக் கடைசியில் பல வீடுகளில் காணக்கூடிய கோலம். அவருக்குப் பக்கத்தில் ரயில் நிலையம், கொஞ்சம் தள்ளிப் பஸ் நிலையம், வடக்கே அலிபிரி. இந்த மூன்றுக்கும் நடுவில் தினமும் பல்லாயிரம் பேர் ஒரு ராத்திரிக்கு மட்டும் படுக்க இடம் தேடுகிறார்கள். நாள் வாடகைக்குப் போகக்கூடிய அறையை மாத வாடகைக்கு விட எந்த வீட்டுக்காரருக்கும் மனசு வராது. இங்கே மாதக் குடித்தனக்காரரின் போட்டியாளர் இன்னொரு குடித்தனக்காரர் அல்ல, ஈரோட்டிலிருந்து வேனில் வந்த பதினாறு பேர்.

இதற்குள் வேலை மட்டும் ஊரைவிட்டு வெளியே போய்விட்டது. கரகம்பாடியில் 1985-ல் அமர ராஜா பேட்டரி, ரேணிகுண்டாவில் விமான நிலையமும் மின்னணுத் தொழிற்சாலைகளும், 2015-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் ஐசரும் ஏர்பேடு பக்கம். ஸ்ரீசிட்டி இன்னும் தள்ளி, தமிழ்நாட்டு எல்லையில். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கொலு பொம்மைக் கடை எல்லாம் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டன. தாம்பரத்தில் தூங்கிப் பாரிமுனையில் வேலை பார்ப்பது சென்னை முறை. பைராகிப்பட்டடையில் தூங்கி ஏர்பேட்டு வயல்வெளியில் வேலை பார்ப்பது திருப்பதி முறை. ஒரே லாபம், காலையில் ஊருக்குள் வரும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, வெளியே போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டே கிடைக்கும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தம்பதியில் கணவர் குடியாத்தத்துக்காரர், வேலை ஏர்பேட்டில். மனைவி சித்தூர்த் தமிழ், வேலை சித்தூரில். மனிதன் எந்தக் காலத்திலும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறான் என்று 1994-ல் இத்தாலியரான செசாரே மார்கெட்டி எழுதினார். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே சுமார் 70 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். திருப்பதியில் குடியிருந்தால், மார்கெட்டி கொடுத்த கோட்டாவைச் சித்தூர் போய்ச் சேருவதற்குள் மனைவி செலவழித்துவிடுவார்.

சித்தூரிலேயே குடியிருக்கலாமே? வாடகை குறைவு, கட்டமஞ்சியில் காற்றோட்டமான வீடு கிடைக்கும். ஆனால் கணவர் ஏர்பேட்டுக்குப் போய்வருவதற்குள் பொழுது முடிந்துவிடும். சந்திரகிரி? நல்ல ஊர்தான். ஆனால் குடிவருகிறவர்களை நம்பி அந்த ஊர் ஒருமுறை பட்டது போதும். 1639-ல் கடற்கரையோரம் ஒரு கோட்டை கட்டிக்கொள்கிறோம் என்று தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. சந்திரகிரி ராஜாவான ஸ்ரீரங்கராயர் 1645-ல் அதை உறுதிப்படுத்தினார். அந்தக் குடித்தனம் காலி செய்தது 1947-ல். ஆகவே தம்பதி திருப்பதிக்கே வந்தார்கள்.

‘இல்லு அத்தெக்கு இவ்வபடுனு’ (வீடு வாடகைக்கு விடப்படும்) என்ற பலகை தொங்கிய நான்காவது வீடு. ஜூலை மாதத்து மத்தியானம். வீட்டுக்கார அம்மா சாவிக்கொத்தோடு முன்னால் ஏற, மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை. லிப்ட் போடுவதற்கான பள்ளத்தில் பழைய சைக்கிள் ஒன்று நின்றது.

“நீங்க வெஜ்ஜா?”

“ஆமாங்கம்மா.” (கணவர் முந்திக்கொண்டார். மனைவி ஜன்னலைப் பார்த்தார்.)

“பஸ் ஸ்டாண்டு எவ்ளோ தூரம்மா?”

“நடந்தா அஞ்சு நிமிஷம் சார்.”

இந்த அஞ்சு நிமிஷம் ஒரு மாறிலி. லீலா மஹால் சர்க்கிளில் கேட்டாலும், கொர்லகுண்டாவில் கேட்டாலும், அவிலாலாவில் கேட்டாலும் மாறாது. ஒளியின் வேகத்துக்கு அடுத்தபடியாக இதைச் சொல்லலாம். நடப்பவர் யார் என்பதை எந்த வீட்டுக்காரரும் சொல்வதில்லை.

அம்மா குழாயைத் திறந்து காட்டினார். முதலில் காற்று, பிறகு ஓர் இருமல், பிறகு தண்ணீர். சமையலறை மேடையில் விரலை வைத்து, “அக்னி மூல, கரெக்டா இருக்கு பாருங்க” என்றார். வாசல் கிழக்கு, பூஜை இடம் ஈசானியம், எல்லாம் அச்சு அசல். மனைவி பால்கனிக் கதவைத் திறந்தார். வடக்கே வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது சேஷாசலம். வாஸ்துப்படி வடக்கு தாழ்ந்தும் தெற்கு உயர்ந்தும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் முழுத் திருப்பதியும் தேறாது. கணவர் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அது மலையா சார்? அது சாமி” என்றார் அம்மா. வாடகை பதினோராயிரம் என்றார் அதே மூச்சில். ராத்திரியில் மலைப்பாதை விளக்குகள் மாலை போலத் தெரியுமாம். அதற்கும் சேர்த்துத்தான்.

இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு படுக்கையறை என்ற நியாயமான கேள்விக்கு விருந்தினர் தேற்றம் விடை தருகிறது. தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள் உள்ள ஒருவர் திருப்பதியில் வீடு பிடித்தால், இரண்டாவது அறை அவருடையதல்ல. புரட்டாசிச் சனிக்கிழமை, வைகுண்ட ஏகாதசி, மொட்டை, காதுகுத்து, தேறிய பரீட்சை, தேறாத பரீட்சை என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். வருகிறவர்கள் ஷாம்பு கொண்டுவருவார்கள், தண்ணீர் கொண்டுவர மாட்டார்கள். போகும்போது ஒரு லட்டு வைத்துவிட்டுப் போவதால் மறுபடி வராதீர்கள் என்றும் சொல்ல முடியாது. அலிபிரியிலிருந்து விலகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விருந்தினர் குறைகிறார்கள் என்பது கள அனுபவம். சித்தூரில் இந்தத் தொல்லை வேறு மாதிரி: காணிப்பாக்கம் பிள்ளையார் பக்கத்திலேயே இருக்கிறார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு காபியோடு போய்விடுவார்கள். அந்தக் காபிச் செலவை வாடகைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

வீடு பிடித்துவிட்டது. குடிபோக முடியவில்லை. அம்மாவுக்கு ஆஷாடம். தெலுங்கு மாதம் சந்திரனைப் பார்த்து நடப்பது, 2025-ல் ஜூன் 26 முதல் ஜூலை 24 வரை. அது முடியும் முன்பே, ஜூலை 17-ல், குடியாத்தத்து மாமியாருக்கு ஆடி பிறந்துவிட்டது. தமிழ் மாதம் சூரியனைப் பார்த்து நடப்பது, ஆகஸ்ட் 16 வரை போனது. ஒரே வானத்தை இரண்டு மொழியில் படித்ததில் மொத்தம் 52 நாள் குடிபோக ஆகாத நாளாயிற்று. வீட்டு உரிமையாளர் தெலுங்கராகவும் குடித்தனக்காரர் தமிழராகவும் இருக்கும் ஊர்களில் லாட்ஜ்கள் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணமா என்று தனியே ஆராய வேண்டும்.

ஆவணி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பால் பொங்கியது. டம்ளரோடு அம்மா மேலே வந்தார், கையில் ஒப்பந்தப் பத்திரம். பதினோரு மாதம்தான். ஓராண்டுக்கு மேல் போனால் 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால், இந்தியா முழுக்க வாடகை ஆண்டு பிறக்கும்போதே ஒரு மாதம் குறைப்பிரசவம். கணவர் பேனாவைத் திறந்தார். வாடகை என்ற இடத்தில் பதினோராயிரத்து ஐந்நூறு என்று இருந்தது.

“அம்மா, பதினொண்ணுன்னு சொன்னீங்களே?”

“அது அப்ப சார்.” அம்மா பாலை ஒரு மடக்குக் குடித்தார். “முந்தாநேத்து ஆகஸ்ட் பதினஞ்சுலருந்து லேடீஸுக்கு பஸ் ஃப்ரீ பண்ணிட்டாங்க இல்ல? பல்லெவெலுகு, எக்ஸ்பிரஸ் எல்லாம். மேடம் சித்தூருக்கு தினம் அப் அண்ட் டவுன்தானே? ஆதார் கார்டு காட்டினா போதும். டிக்கெட் காசு மிச்சம்.”

மனைவி சிரித்துவிட்டார். வான் தியூனனும் அலோன்சோவும் பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கு அது. கணவர் கையெழுத்துப் போட்டு நிமிரும்போது கைப்பேசி அடித்தது. ஆம்பூர்ப் பெரியப்பா.