பால் பொங்கட்டும், பில் பொங்க வேண்டாம்!

கேள்வி: ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். நியாயமா? (மேடவாக்கம்)

பதில்: வாடகைக்கு விடுவது வீட்டையா, கரண்டையா என்று கேட்காதீர்கள், வீண் சண்டை. ஈ.பி. பில்லைக் கேளுங்கள். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, உங்கள் சப் மீட்டர் யூனிட்டால் பெருக்குங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உண்டே, அதில் உங்கள் பங்கும் இந்தக் கணக்கிலேயே வந்துவிடும்.

கேள்வி: மூன்று போர்ஷன், ஒரே மீட்டர். தனித்தனி இணைப்பு வாங்குவது வெட்டிச் செலவுதானே? (தாம்பரம்)

பதில்: ஒரே மீட்டருக்கு ஒரே 100 யூனிட்தான் இலவசம், மூன்று மீட்டருக்கு மூன்று 100. மூன்று குடும்பம் சேர்ந்து எரித்தால் 500 யூனிட்டை எளிதில் தாண்டும். தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் ரேட் ஏறும். இப்போது சொல்லுங்கள், எது வெட்டிச் செலவு?

கேள்வி: மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொது மீட்டர். கீழே தாத்தா ஒருவர், மேலே ஆறு பேர். சமமாகப் பிரிக்கலாமா? (மதுரை)

பதில்: விளக்கு ஆள் பார்த்து எரியாது, தண்ணீர் ஆள் பார்த்துத்தான் தீரும். பில்லில் பெரும்பங்கு மோட்டாருக்கு என்பதால் தலைக்கணக்கே நியாயம். இன்னொன்று: பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொது இணைப்புக்கு 2023-இல் கட்டணம் குறைக்கப்பட்டது. அந்தச் சலுகை உங்கள் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கரண்ட் பாக்கி வைத்தவருக்கு ஃபியூஸைப் பிடுங்கலாமா? (திருச்சி)

பதில்: கூடாது. 2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மின்சாரம், தண்ணீரை நிறுத்த ஓனருக்கு இடம் தரவில்லை. 'பாக்கி இருந்தால் அட்வான்ஸில் கழிப்பேன்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிடுங்குவதைவிட எழுதுவது எளிது, ஷாக்கும் அடிக்காது.

கேள்வி: எல்லாமே வாடகையில் அடக்கம் என்றால் நிம்மதிதானே? (கோவை)

பதில்: யாருக்கு? 'ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே' என்று ஏசி ஓடும். தண்ணீரை வேண்டுமானால் அடக்குங்கள். கோடையில் லாரி வந்தால் ரசீதைக் காட்டிப் பிரியுங்கள். கரண்டை மீட்டரிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: குடிபோகும் நாளில் முதல் வேலை என்ன? (சேலம்)

பதில்: பால் காய்ச்சுவதற்கு முன் மீட்டரைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பால் பொங்கினால் நல்லது. காலி செய்யும் நாளில் சண்டை பொங்காமல் இருந்தால் அதைவிட நல்லது.